பதில்: வியாசர்பாடியில் நட்சத்திர ஆமை, என்ன செய்வது?

தம்பி, மகனுக்காகச் சந்தையில் வாங்கிய ஆமையைப் புழல் ஏரியில் விடலாமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாகப் பிரியுதுன்னா அது வறண்ட புதர்க்காட்டு ஆமை, ஏரியில் மூழ்கிச் செத்துடும். இப்பவே டப்பில் இருக்கிற தண்ணியைக் கொட்டிட்டு, கீரை போடுங்க.

1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019ல் உலக வணிகத்துக்கும் தடை வந்தாச்சு. ஆனாலும் வாங்கினவர்தான் சுலபமா மாட்டுவார். விற்றவனுக்குப் பின்னால் இருக்கிற கடத்தல் புள்ளியைத் தொட யாருக்கும் அவசரமில்லை. (எனக்கு இதில் ரொம்ப எரிச்சல்.)

தெரிந்த வக்கீலைக் கூட்டிக்கிட்டு கிண்டி வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைங்க. எங்கே வாங்கினீங்கன்னு எழுதிக் கொடுத்து, கையெழுத்து போட்ட ரசீது கேளுங்க. வேற யாருக்கும் கைமாத்தி விட்டுடாதீங்க, அது தனி வழக்கு.