சும்மா கிடக்கும் இடமா அது?

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு சதுப்பு நிலமும் அதன் கரையில் ஒரு பொதுப் பூங்காவும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வணிக வளாகம் கட்டப் போவதாகப் பேச்சு. கேட்டால், "சும்மா கிடக்கிற இடம்தானே" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: நகரத் திட்ட வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். பொக்லைன் வந்து நிற்கும் நாளில் கூட்டம் நிறையச் சேரும். ஆனால் அதற்குள் காகிதத்தில் எல்லாம் முடிந்திருக்கும். பூங்கா, நீர்நிலை என்று குறித்த இடத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றினால்தான் பொதுவாகக் கட்டட அனுமதி கிடைக்கும். அப்படி மாற்றும்போது பல நாடுகளில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்டாக வேண்டும். அந்த அறிவிப்பு யார் கண்ணிலும் படாத மூலையில் வரும், கெடுவும் குறைவு. அதனால் உங்களில் ஒருவர் அதைப் பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பூங்கா போனால் அங்கே வசிப்பவர்களுக்குத்தான் இழப்பு, அதனால் வழக்குத் தொடர அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் அதைப் பூங்காவின் இடத்தில் கட்ட முடியவில்லை.

அப்புறம், உங்கள் ஆட்சேபணையில் அந்த நிலம் என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். இப்படிப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அழகு, பசுமை, வருங்காலச் சந்ததி என்று மனமுருகப் பேசியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது, அதிகாரிகளின் பேனா அசையவில்லை. வாய்க்கால் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுந்தார். எந்தத் தெருவின் மழைநீர் எந்த மதகு வழியாக அந்தப் பள்ளத்துக்கு வருகிறது, பள்ளத்தைத் தூர்த்தால் எந்த வீடுகளுக்குள் முதலில் தண்ணீர் புகும் என்று வரிசையாகச் சொன்னார். அப்போதுதான் குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள். அப்படி ஒருவர் உங்கள் பகுதியிலும் இருப்பார். தேடிப் பிடியுங்கள். அவரோடு மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் அந்த நிலத்தைச் சுற்றி நடந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கிழக்குக் கொல்கத்தாவின் ஈரநிலங்கள் தப்பியதற்கு இது ஒரு பெரிய காரணம். சுமார் 12,500 ஹெக்டேர். நகரத்தின் கழிவுநீர் அங்குள்ள ஆழமில்லாத மீன் பண்ணைகளுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்கின்றன, பாசியைத் தின்று மீன் வளர்கிறது. அரசுப் பணியில் இருந்த துருபஜோதி கோஷ் 1980-களில் இதை வரைபடமாகவும் அறிக்கையாகவும் பதிவு செய்தார். 1992-இல் ஒரு குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், அங்கே நிலப் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் தடுத்தது. 2002-இல் அது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கழிவுநீர் போகிற இடம் என்று நகரம் முகம் சுளித்த நிலம் அது. அது செய்யும் வேலை தாளில் ஏறிய பிறகு எளிதில் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

கேள்வி: இதற்கு ஈடாக வேறு இடத்தில் இரண்டு மடங்கு பரப்பில் ஏரி வெட்டித் தருகிறார்களாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் வரும், ஒப்பந்தம் போட்ட இடத்துக்கு வராது. இங்கே பள்ளத்தைத் தூர்த்தால், மழைநீர் இங்கேயேதான் நிற்கும், உங்கள் வீட்டு வாசலில். சதுப்பு நிலத்தின் மண் பல நூறு ஆண்டுகள் செடிகொடிகள் மட்கிச் சேர்ந்தது. புதிதாக வெட்டிய குழிக்கு அந்த மண் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டட யோசனையைக் கைவிட்டு, கரையைச் சிமெண்டால் கட்டி, நடைபாதை போட்டு அழகுபடுத்துவதாகச் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். கரையோரத்தில் கணுக்கால் அளவு நிற்கும் தண்ணீரில்தான் நாரைக்கும் கொக்குக்கும் இரை. மண்கரையைச் செங்குத்தாக்கினால் அந்த விளிம்பு போய்விடும். எனக்கு இதில் கோபமே உண்டு, ஏனென்றால் பாதுகாப்பு என்ற பெயரில் இது நடக்கிறது.

கேள்வி: எங்களிடம் பணமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. ஜெயிக்க முடியுமா?

பதில்: சிட்னியில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டுத்துண்டில் சொகுசு வீடுகள் கட்ட இருந்தார்கள். அதை எதிர்த்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள் 13 பேர். மனு கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1971-இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். ஊர்க்கூட்டம் போட்டு மக்கள் ஆதரவைக் காட்டுங்கள் என்றது சங்கம். சில நூறு பேர் திரண்டார்கள். அங்கே வேலை செய்ய மாட்டோம் என்று ஜாக் முண்டியின் தலைமையில் இருந்த அந்தச் சங்கம் அறிவித்தது. கட்டுகிறவர்களே கை வைக்காதபோது யார் கட்டுவது? 1983-இல் அரசு அந்த நிலத்தை விலைக்கு வாங்கிப் பொது இடமாக்கியது.

உங்கள் சதுப்பில் கொட்டப் போகிற மண்ணையும் யாரோ ஒரு லாரி ஓட்டுநர்தான் கொண்டுவர வேண்டும். அவர் வீடும் அதே பள்ளத்தின் பக்கத்தில் இருக்கலாம். அவரிடம் பேசிப் பார்த்தீர்களா?