'ரெபெக்கா' நாவல் காதல் கதையா, பேய்க் கதையா?

ஆங்கில எழுத்தாளர் டாஃப்னே டு மோரியேயின் 'ரெபெக்கா'வைச் சிலர் காதல் கதை என்கிறார்கள், சிலர் பேய்க் கதை என்கிறார்கள், உண்மையில் என்ன கதை என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத வராது. படிக்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேய் கிடையாது. இரண்டாந்தாரமாக வாழப்போன ஒரு பெண்ணின் கதை. 1938இல் வெளிவந்தது. கதையைச் சொல்பவளே அவள்தான், ஆனால் அவள் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. ஒரு பணக்கார அமெரிக்க அம்மாளுக்குத் துணையாக, ஆண்டுக்கு 90 பவுண்டு சம்பளத்தில் மொனாக்கோவின் மாண்டி கார்லோவில் இருக்கிறாள். மனைவியை இழந்த மாக்ஸிம் டி வின்டரை அங்கே சந்திக்கிறாள். அவர் வயதில் ரொம்ப மூத்தவர். காலைச் சாப்பாட்டு மேசையில் "என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்" என்று கேட்டுவிட்டு, தன்பாட்டுக்கு ஆரஞ்சு மர்மலேடைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர். அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். முதல்முறை படித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, ஆகவில்லை.

மாண்டர்லி என்ற அந்தப் பெரிய வீட்டில் எங்கு பார்த்தாலும் மூத்தாள் ரெபெக்கா. மழைக்கோட்டுப் பையில் அவள் கைக்குட்டை, மேசை இழுப்பறையில் அவள் கையெழுத்து. வந்த புதிதில் ஒருநாள் தொலைபேசி அடிக்கிறது. "மிஸஸ் டி வின்டரா?" என்று ஒரு குரல். இவள் பதறிப்போய், "தவறாக அழைத்துவிட்டீர்கள், அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது" என்கிறாள். வைக்கப்போகும் நேரத்தில்தான் உறைக்கிறது: பேசியது வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸ், கேட்டது இவளைத்தான். அழைப்பு வந்தது வீட்டுக்குள்ளிருந்தே. இதைவிடப் பேய் எதற்கு?

பீங்கான் பொம்மை ஒன்றை உடைத்துவிட்டு, துண்டுகளை இழுப்பறையில் ஒளித்துவைக்கும் காட்சியும் அப்படித்தான். வீட்டு எஜமானி வேலைக்காரிபோல் பயப்படுகிறாள். பழி ஒரு வேலையாள்மேல் விழுகிறது.

பிறகு மாறுவேட விருந்து. மறுநாளே கடலுக்கடியில் ரெபெக்காவின் படகு கிடைக்கிறது, உள்ளே அவள் உடல். படகின் பெயருக்குப் பிரெஞ்சில் 'திரும்பி வருவேன்' என்று பொருள். மாக்ஸிம் ஒப்புக்கொள்கிறார்: அவளைச் சுட்டது நான்தான், அவளை நான் நேசித்ததே இல்லை.

இதைக் கேட்டதும் நம் கதாநாயகிக்கு என்ன தோன்ற வேண்டும்? அவள் மனசு லேசாகிவிடுகிறது! கொலை அவள் காதில் ஏறவே இல்லை, 'நேசித்ததே இல்லை' மட்டும்தான் ஏறுகிறது. அதைவிடக் கொடுமை, படிக்கிற நானும் அவளோடு சேர்ந்து பெருமூச்சு விட்டேன். விசாரணையில் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பக்கம் பக்கமாகப் பதறினேன்.

பல வருடம் கழித்து மறுபடி படித்தபோதுதான் வேறொன்று உறுத்தியது. ரெபெக்கா மோசமானவள் என்பதற்குப் பெரிய சாட்சி யார்? அவளைச் சுட்ட கணவர். அவள் ஒழுக்கத்தைப் பற்றி இன்னும் சிலர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதற்காகச் சுடலாமா? அவளுக்குப் புற்றுநோய் இருந்தது, சாகப்போகிறவள் தானே அவரைச் சுடத் தூண்டிவிட்டாள் என்று கடைசியில் தெரிவதும் அவருக்குத்தான் வசதி. அவள் தரப்பில் பேச டான்வர்ஸையும் அவள் உறவினன் ஃபாவெலையும் தவிர ஆளில்லை. டான்வர்ஸையோ ஆசிரியர் மண்டையோடு போன்ற முகத்தோடு படைத்துவிட்டார்.

1940இல் இயக்குநர் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் இந்தச் சங்கடமே இல்லை. ஹாலிவுட்டின் அன்றைய தணிக்கை விதிப்படி மனைவியைக் கொன்ற கணவன் தண்டனையின்றித் தப்ப முடியாது என்பதால், ரெபெக்கா தடுக்கி விழுந்து சாவதாக மாற்றிவிட்டார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம், நன்றாகவே இருக்கும். ஆனாலும் நாவலை முதலில் படியுங்கள்.

முடித்ததும் முதல் இரண்டு அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போங்கள். காலவரிசைப்படி கதையின் முடிவு அங்கேதான் இருக்கிறது. மாண்டர்லி எரிந்துபோய், இருவரும் வெளிநாட்டு ஓட்டல்களில் காலம் தள்ளுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து வரும் பத்திரிகையில் கிரிக்கெட் ஸ்கோரை அவள் வாசிக்கிறாள், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டை ஞாபகப்படுத்தும் செய்தி ஏதாவது வந்தால் அதை மட்டும் தனக்குள் வைத்துக்கொள்கிறாள்.