கிழட்டு ராணிமேல் பழியைப் போட்டால் போதுமா?

கேள்வி: அபின் விற்றுச் சீனாவைச் சீரழித்தவர்கள் ஆங்கிலேயர்கள். நாட்டைத் திருத்த முயன்ற இளம் பேரரசரைச் சிறைவைத்தது கிழட்டு ராணி சிசி. இந்த இரண்டும் நடக்காமல் இருந்திருந்தால் சீனாவை ஆண்ட சிங் வம்சமும் ஜப்பானைப் போல நிமிர்ந்து நின்றிருக்கும் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கூண்டில் ஏற்றிய இருவரும் நிரபராதிகள் இல்லை. ஆனால் உங்கள் வழக்கில் தேதி இடிக்கிறது. சிசி இறந்தது 1908 நவம்பரில். வம்சம் முடிந்தது 1912 பிப்ரவரியில். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில், 1898இல் இளம் பேரரசர் குவாங்சூ கேட்டதைவிடப் பெரிய மாற்றங்களை அதே அரண்மனை செய்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக நடந்துவந்த அரசுப்பணித் தேர்வை 1905இல் ஒழித்தது. 1909இல் மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடத்தியது. புதுப் பள்ளிக்கூடங்கள், புதுப் போலீஸ், ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற படை எல்லாம் வந்தன. அப்புறம்தான் கவிழ்ந்தது. திருந்தாததால் விழுந்தது என்று சொல்லிவிடலாம். திருந்திக்கொண்டிருந்தபோது ஏன் விழுந்தது என்பதற்கு யார் பதில் சொல்வது?

ஆங்கிலேயர் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சீனத் தேயிலைக்கு வெள்ளியாகக் கொட்டிக் கொடுத்துச் சலித்துப்போன கிழக்கிந்தியக் கம்பெனி, பீகார் விவசாயிகளை அபின் பயிரிட வைத்து, சரக்கைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. அதைச் சீனாவுக்குக் கடத்தியவர்கள் தனியார் வியாபாரிகள். கம்பெனியின் கை சுத்தமாம்! 1839இல் லின் சேசூ என்ற கண்டிப்பான அதிகாரி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து, ஹூமெனில் உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். போர் வந்தது. அதில் சண்டை போட நம் பக்கத்திலிருந்தும் ஆள் போயிருக்கிறார்கள். 1841 மே மாதம் குவாங்சோவுக்கு வெளியே சான்யுவான்லியில், கொட்டும் மழையில் துப்பாக்கி நனைந்து வெடிக்காமல், கொதித்தெழுந்த கிராமத்தார் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் மதராஸ் 37ஆம் காலாட்படையின் சிப்பாய்கள். அந்த எதிர்ப்புக்கு இன்றும் அங்கே நினைவகம் இருக்கிறது.

1842இன் நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகங்கள் திறந்தன, 2.1 கோடி வெள்ளி டாலர் தண்டம். எல்லோரும் ஹாங்காங்கைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால், அதைத் தொடர்ந்து சுங்கவரியை ஏறக்குறைய 5 சதவீதத்தில் கட்டிப்போட்டதுதான் பெரிய அடி. உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற வரியை உயர்த்தும் உரிமையே அரசுக்கு இல்லாமல் போனது. பிறகு சுங்க இலாகாவின் தலைமையே வெளிநாட்டார் கைக்குப் போய், ராபர்ட் ஹார்ட் என்ற பிரிட்டிஷ்காரர் 1863 முதல் 1911 வரை அந்தப் பதவியில் இருந்தார். (ஹார்ட் நேர்மையானவர்தான். வசூலைத் திருடவில்லை. ஆனால் அந்த வசூல் பின்னாளில் யாருக்குப் போனது என்பது வேறு கதை, வருகிறேன்.)

சரி, இதெல்லாம் ஏகாதிபத்தியத்தின் அட்டூழியம், மறுப்பில்லை. ஆனால் ஜப்பான்மீதும் இதே மாதிரி ஒப்பந்தங்கள் திணிக்கப்பட்டன. அவர்களுக்கும் 5 சதவீத வரிதான். அதை முழுசாக உதறியது 1911இல்தான். அப்படியிருக்க, ஒரே பூட்டைப் போட்ட இரண்டு வீடுகளில் ஒன்று மட்டும் ஏன் இடிந்தது?

இங்கேதான் நீங்கள் கேள்வியில் விட்டுவிட்ட விஷயம் வருகிறது. சிங் வம்சத்தார் மஞ்சுக்கள். சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் மக்கள்தொகைக் கடலில், வடகிழக்கிலிருந்து வந்த ஒரு சிறு கூட்டம். 1644இல் பீஜிங்கைப் பிடித்ததும் ஹான் ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்சடை போட வேண்டும், மீறினால் தலை போகும் என்று ஆணையிட்டு ஆண்டவர்கள். அப்படிப்பட்ட அரசுக்கு உயிர்ப்பயம் காட்டியது அபின் போரல்ல, தெற்கே ஒரு மதக் கூட்டம் 1850இல் தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சி. பதினான்கு ஆண்டுகள். செத்தவர்கள் இரண்டு கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. மஞ்சுப் படைகளால் அடக்க முடியவில்லை. அடக்கியவர்கள் செங் குவோஃபான், லி ஹாங்சாங் போன்ற ஹான் அதிகாரிகள். தங்கள் மாகாணத்தில் தாங்களே ஆள் சேர்த்து, சரக்குப் போக்குவரத்தின்மேல் தாங்களே வரி போட்டு, தாங்களே படை நடத்தினார்கள். வம்சம் பிழைத்தது. ஆனால் படையும் பணமும் பீஜிங்கை விட்டு மாகாணங்களுக்குப் போய்விட்டன. போனவை திரும்பவே இல்லை.

இதற்குப் பின் 1861 முதல் நடந்த 'சுயபலம்' திட்டத்தைப் பாருங்கள். ஷாங்காயில் ஆயுதத் தொழிற்சாலை, ஃபூசோவில் கப்பல் கட்டும் தளம், ஜெர்மனியில் வாங்கிய இரண்டு பெரிய இரும்புக் கவசக் கப்பல்கள். யாரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கவர்னரின் சொந்த சாம்ராஜ்யம் மாதிரி. 1884இல் பிரெஞ்சுக்காரர்கள் ஃபூசோவின் கப்பல்களை ஒரு மணி நேரத்துக்குள் மூழ்கடித்தபோது, வடக்கே லி ஹாங்சாங் தன் கப்பல்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பத்து வருடம் கழித்து ஜப்பான் அவருடைய வடகடல் கப்பற்படையை நொறுக்கியபோது தெற்குப் படை வேடிக்கை பார்த்தது. 1895 பிப்ரவரியில் அந்தப் படையின் தளமான வெய்ஹாய்வெய் சரணடைந்தபோது நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பிடிபட்ட கப்பல்களில் ஒன்றை மட்டும் திருப்பித் தரும்படி சீனத் தரப்பு கேட்டது. காரணம்? அது குவாங்டாங் மாகாணத்துக் கப்பலாம், இந்தப் போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம்.

கப்பற்படைப் பணம் சிசியின் கோடைக்கால அரண்மனைக்குப் போனது உண்மை. பளிங்குப் படகு ஒன்று இன்றும் அங்கே ஏரியில் அசையாமல் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அதற்காக அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ராணி ஒரு காசு தொடாமல் இருந்திருந்தாலும், ஒரு நாட்டுக்கு நான்கு கப்பற்படை என்ற நிலை மாறியிருக்காது.

1898இன் கதைக்கு வருவோம். சீர்திருத்த அறிஞர் காங் யூவெய்யின் யோசனைப்படி குவாங்சூ ஜூன் 11 முதல் செப்டம்பர் 21 வரை ஆணைமேல் ஆணை பிறப்பித்தார். நல்ல ஆணைகள்தான். ஆனால் நூறு நாளில் எல்லா அதிகாரிகளின் வயிற்றிலும் புளியைக் கரைத்தார்; கையில் ஒரு படைப்பிரிவுகூட இல்லை. கடைசியில் யுவான் ஷிகாய் என்ற தளபதியை நம்பி, ராணியை மடக்கச் சொல்லி ஆள் அனுப்பியது சீர்திருத்தக் கூட்டம். யுவான் கட்சி மாறினார். பேரரசர் ஏரி நடுவே ஒரு தீவு மாளிகையில் அடைபட்டார். ஆறு பேர் தலை துண்டிக்கப்பட்டது. மிஞ்சியது பீஜிங்கில் தொடங்கிய பல்கலைக்கழகம். நல்லெண்ணம் இருந்தது; ஆள்பலம், பணபலம் இரண்டும் இல்லை.

பணம் எங்கே போனது? தோற்ற போருக்குத் தண்டமாக, 1895இன் ஷிமோனோசெகி ஒப்பந்தத்தில் ஜப்பானுக்கு 20 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி. அரசின் ஓராண்டு வருமானமே 9 கோடியை ஒட்டித்தான். ரஷ்ய, பிரெஞ்சு, பிரிட்டிஷ், ஜெர்மன் வங்கிகளிடம் கடன் வாங்கிக் கட்டினார்கள். அடமானம், ஹார்ட் வசூலித்த சுங்கவரி. அந்தப் பணத்தின் துணையோடு ஜப்பான் 1897இல் தங்க நாணயத் திட்டத்துக்கு மாறியது, யவாத்தாவில் எஃகு ஆலை கட்டியது. நீங்கள் மெச்சும் ஜப்பானிய முன்னேற்றத்தில் ஒரு பங்கு சீனக் குடியானவனுடைய வரிப்பணம் ஐயா! இது போதாதென்று, 1900இல் அந்நியரை விரட்டக் கிளம்பிய பாக்சர்கள் என்ற கிளர்ச்சிக் கூட்டத்தை நம்பிச் சிசி உலக வல்லரசுகள்மேல் போர் அறிவித்தார். தெற்கு கவர்னர்கள் அந்த ஆணையைக் கண்டுகொள்ளவே இல்லை. எட்டு நாட்டுப் படைகள் பீஜிங்கைச் சூறையாடின. 1901இல் விதித்த தண்டம் 45 கோடி டேல், 4 சதவீத வட்டி, 39 வருடத் தவணை.

மெய்யான சீர்திருத்தம் இதற்குப் பின்தான் தொடங்கியது. கஜானா காலி. பள்ளிக்கும் போலீசுக்கும் கிராமத்தின் தலையில் புது வரி. ஜப்பானுக்குப் படிக்கப் போன மாணவர்கள் ஆயிரக்கணக்கில்; புரட்சிச் சங்கம் 1905இல் டோக்கியோவில்தான் உருவானது. புதுப் படையில் படித்த இளைஞர்கள் சேர்ந்தார்கள், ரகசியச் சங்கங்களும் கூடவே நுழைந்தன. மாகாண சபைக்காரர்கள், பாவம், பாராளுமன்றம் கொடுங்கள் என்று மனுமேல் மனு போட்டார்கள். அவர்களோடு அதிகாரத்தைப் பகிர்ந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். 1911 மே 8 அன்று அரண்மனை அறிவித்த அமைச்சரவையில் பெரும்பான்மை மஞ்சுக்கள், அதிலும் பலர் அரச குடும்பத்தார். மறுநாளே, உள்ளூர்க்காரர்கள் பங்குப்பணம் போட்டிருந்த ரயில் திட்டங்களை நாட்டுடைமை ஆக்கினார்கள். கட்டுமானச் செலவுக்கு அதே மாதத்தில் மறுபடி அந்நிய வங்கிக் கடன்! அப்படிப் பங்குப்பணம் போட்டிருந்த சிச்சுவான் மாகாணம் கொதித்தது. அதை அடக்கப் பக்கத்து மாகாணமான ஹூபேயின் படைகளில் ஒரு பகுதியை அனுப்பினார்கள். மிச்சமிருந்த வீரர்கள் அக்டோபர் 10 அன்று வூசாங்கில் துப்பாக்கியைத் திருப்பினார்கள். அரசே சம்பளம் கொடுத்து, அரசே பயிற்சி கொடுத்த படை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஜப்பானில் பழைய ஆட்சியைத் தள்ளிவிட்டு வந்த புது ஆட்கள் சீர்திருத்தம் செய்தார்கள். இழக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சிங் அரண்மனைக்கோ ஒவ்வொரு சீர்திருத்தமும் ஹான் கையைப் பலப்படுத்தும் என்ற பயம். அந்தப் பயம் சிசியோடு செத்துவிடவில்லை. குவாங்சூவே ஆண்டிருந்தாலும் அதே நாற்காலி, அதே பயம், அதே காலி கஜானாதான்.

1912 பிப்ரவரி 12 அன்று குவாங்சூவுக்குப் பின் வந்த ஆறு வயதுப் பேரரசர் பூயியின் பெயரில் ராஜினாமா அறிவிப்பு வந்தது. பேரம் பேசி முடித்தவர் யார் தெரியுமா? அதே யுவான் ஷிகாய். மறுமாதமே பீஜிங்கில் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். பாக்சர் தண்டத்தின் தவணையைக் குடியரசின் கணக்கிலிருந்து கட்டினார்கள்.