செங்கடல் போனஸை நம்பி வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: என் கணவர் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். அடுத்த மாதம் அவர் ஏறப்போகும் கப்பல் செங்கடல், ஏடன் வளைகுடா வழியாகப் போகுமாம். போர்ப் பகுதி என்பதால் டபுள் சம்பளம் கிடைக்கும், அதை வைத்து வீட்டுக் கடனில் ஒரு பெரிய தொகையை முன்கூட்டியே கட்டிவிடலாம் என்கிறார். டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கிறதே, எதற்குப் பயம் என்றும் கேட்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: முதலில் அந்த டபுள் சம்பளம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். கப்பல் நிறுவனங்களும் ஐடிஎஃப் தொழிற்சங்கச் சம்மேளனமும் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் ஐபிஎஃப் மன்றம், செங்கடலின் தென்பகுதியைப் போர் நடவடிக்கைப் பகுதியாக அறிவித்தது. அங்கே கிடைக்கும் போனஸ் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமம். மொத்தச் சம்பளத்துக்கு அல்ல; ஓவர்டைம், விடுப்பு ஊதியம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. அதுவும் அந்த எல்லைக்குள் கப்பல் இருக்கும் நாட்களுக்கு மட்டும்தான், குறைந்தபட்சம் 5 நாள். உதாரணமாக, அடிப்படைச் சம்பளம் மாதம் 1,800 டாலர் என்றால் ஒரு நாளைக்கு 60 டாலர். ஒரு முறை கடந்து போனால் 300 டாலர். போய்த் திரும்பினாலும் 600 டாலர். வீட்டுக் கடனில் இது எத்தனை தவணைக்கு வரும் என்று நீங்களே பாருங்கள்.

இந்த 300 டாலரோடு இன்னொரு தொகையையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2024 தொடக்கத்தில் இதே பாதையைக் கடக்கக் கப்பல் முதலாளிகள் கட்டிய போர் அபாய பிரீமியம் கப்பல் மதிப்பில் 1 சதவீதத்தை ஒட்டிப் போனது. 5 கோடி டாலர் கப்பலுக்கு அது 5 லட்சம் டாலர். ஆபத்துக்கு இன்சூரன்ஸ் சந்தை போட்ட விலை அது. உங்கள் கணவருக்குக் கிடைக்கும் போனஸ் அந்த விலைக்குக் கிட்டேகூட வராது.

ஆபத்து கற்பனையும் அல்ல. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தார்கள். 2025 ஜூலையில் ஒரே வாரத்தில் 'மேஜிக் சீஸ்', 'எடர்னிட்டி சி' என்று இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. முதல் கப்பலில் இருந்த அனைவரும் உயிர் தப்பினார்கள், இரண்டாவதில் அப்படி நடக்கவில்லை. அதற்கு முன் சில மாதங்கள் தாக்குதல் இல்லாமல்தான் இருந்தது. 'இப்போது அமைதியாகத்தான் இருக்கிறது' என்று கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். ஐபிஎஃப் ஒப்பந்தத்துக்குள் வரும் கப்பலில், போர்ப் பகுதியில் மரணமோ உடல் ஊனமோ ஏற்பட்டால் வழக்கமான இழப்பீட்டுத் தொகை இரட்டிப்பாகும். உங்கள் குடும்பத்துக்கு போனஸைவிட இதுதான் முக்கியம். ஆனால் எல்லாக் கப்பலும் அந்த ஒப்பந்தத்துக்குள் வருவதில்லை. உங்கள் கணவருடைய பணி ஒப்பந்தத்தில் எந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் (தொழிற்சங்கத்தோடு நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம்) பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் இழப்பீடு எவ்வளவு, போர்த் தாக்குதலுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

டேர்ம் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். போர் தொடர்பான விதிவிலக்கு இருக்கிறதா, அவர் கப்பலில் வேலை செய்வது விண்ணப்பத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை, அவற்றில் பெரும்பாலானவை போரால் நேரும் பாதிப்பை விலக்கிவிடும்.

டேர்ம் பாலிசி எந்த வகையிலும் உதவாத ஒரு நிலையும் உண்டு: சிறைபிடிப்பு. 2023 நவம்பரில் பிடிக்கப்பட்ட 'கேலக்ஸி லீடர்' கப்பலின் 25 பேரும் 2025 ஜனவரியில்தான் விடுவிக்கப்பட்டார்கள். 14 மாதம். அந்த நேரத்தில் வீட்டில் தவணை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு எதுவும் நிற்காது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி கடற்கொள்ளையர் பிடித்து வைத்திருக்கும் காலம் முழுவதும் சம்பளம் தொடர வேண்டும். போரில் ஈடுபட்ட ஒரு தரப்பு பிடித்து வைத்தாலும் அப்படியே தொடருமா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் மரணத்துக்குத் திட்டமிடுகின்றன, இந்த நீண்ட காத்திருப்புக்குத் திட்டமிடுவதில்லை.

ஆகவே கடனை முன்கூட்டிக் கட்டும் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கையில் இருக்கும் பணத்தை வங்கியிடம் கொடுத்துவிட்டால் அவசரத்துக்கு அது திரும்பி வராது. குறைந்தது ஓர் ஆண்டுத் தவணையும் வீட்டுச் செலவும் உங்கள் பெயரும் சேர்ந்த கணக்கில் இருக்கட்டும். சம்பளத்தில் பெரும்பங்கு மாதாமாதம் நேராக அந்தக் கணக்குக்கு வரும்படி அவர் ஏறுவதற்கு முன்பே எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் எல்லா இடத்திலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. ஐபிஎஃப் ஒப்பந்தப்படி போர் நடவடிக்கைப் பகுதிக்குள் போக மறுக்கும் மாலுமியை நிறுவனம் தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், கூடவே இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் தர வேண்டும். முடிவு அவருடையது. ஆனால் இரட்டை இழப்பீடு, சிறைபிடிப்புக் காலச் சம்பளம், மறுக்கும் உரிமை இந்த மூன்றையும் ஏஜென்சி எழுத்தில் தரத் தயங்கினால் இந்தக் கப்பலை விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த கப்பல் கிடைக்கும்வரை வரும் தவணைகளைச் சேமிப்பிலிருந்து கட்டிக்கொள்ளலாம்.