வாசகர் கேள்வி: பாட்டுக் குழுவுக்கு வரலாறு எழுதுவது எப்படி?

கேள்வி: நாங்கள் வாரம் ஒரு மாலை கூடிப் பாடும் தன்னார்வச் சேர்ந்திசைக் குழு. யாருக்கும் சம்பளம் கிடையாது, குரல் தேர்வும் கிடையாது. அடுத்த வருடம் வெள்ளி விழா. மலரில் குழுவின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். கையில் இருப்பது மூன்று கோப்புகளும் ஒரு பெட்டி நிறைய நிகழ்ச்சி நிரல்களும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பெட்டியை முதலில் மூடி வையுங்கள். எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நாலு பக்கம் போனதும் இந்த ஆண்டு இந்தப் பாட்டு, இந்த அரங்கு, இன்னார் தலைமை என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும், எழுதியவரே திரும்பப் படிக்க மாட்டார். வருகைப் பதிவேடு இருக்கிறதா பாருங்கள். உங்களிடம் இல்லையென்றால் பழைய செயலாளர் யாராவது வீட்டுப் பரணில் போட்டு வைத்திருப்பார், போய்க் கேளுங்கள்.

சும்மா சொல்லவில்லை. பெர்லினில் ஃபாஷ் என்று ஒருவர், பிரஷ்ய அரசவையில் ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியம் வாசித்தவர், தன் மாணவிகளையும் தெரிந்தவர்களையும் சேர்த்து வீட்டுக் கூடங்களில் பாட வைத்துக்கொண்டிருந்தார். ஆணும் பெண்ணும் ஒன்றாக, பணத்துக்காக இல்லாமல், சேர்ந்து பாடும் ஆசைக்காகப் பாடினார்கள். அது என்றைக்குத் தொடங்கியது என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் 1791 மே 24 முதல் யார் யார் வந்தார்கள் என்று ஃபாஷ் குறித்து வைக்க ஆரம்பித்தார். சிங் அகாதெமி என்ற அந்தக் குழு இன்றைக்கும் பாடுகிறது, அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

நான் பாடிய குழுவின் பதிவேடு ஒரு நீள நோட்டு. பக்கம் முழுக்க நீல மையில் டிக். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு மையில், ஒரு பெயருக்கு எதிரே, 'தொண்டை கட்டிவிட்டது, வந்து உட்கார்ந்து கேட்டார்' என்று எழுதியிருந்தது. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. பாட முடியாத ஒருவர் 7 வாரம் ஒத்திகைக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த நிகழ்ச்சி நிரலிலும் இது கிடைக்காது. வரலாற்றை அங்கிருந்துதான் எழுத ஆரம்பித்தேன்.

கேள்வி: வழிபாட்டு இடங்களில் பாடுகிறவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். பாட்டுத் தொழில் இல்லாத சாதாரண ஆட்கள் பெரிய இசையைச் சேர்ந்து பாடத் தொடங்கியது எப்போது?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் ஒரே தேதி சொல்ல முடியாது. இசையமைப்பாளர் ஹாண்டலின் 'மெசையா' என்ற பெரிய கிறிஸ்தவச் சேர்ந்திசைப் படைப்பு 1742-இல் டப்ளினில் முதன்முதலாக அரங்கேறியபோது கோரஸ் பாடியவர்கள் அந்த ஊரின் இரண்டு கதீட்ரல்களின் பாடகர்கள், அதாவது தொழிலே அதுதான். நூறு வருடம் கழித்து அதே பாட்டை ஆலைத் தொழிலாளியும் கடைக்காரரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்றால் எல்லாரும் பெரிய நடத்துனர்களின் பெயரைச் சொல்வார்கள். நான் அச்சகத்தைச் சொல்வேன். லண்டனில் நோவெல்லோ என்ற பதிப்பகம் 1846-இல் 'மெசையா'வை மாதம் ஒரு பகுதியாக, பகுதி ஆறு பென்ஸ் விலையில், 12 பகுதிகளாக வெளியிட்டது. அதுவரை இசைப் புத்தகம் என்பது தடியாக, விலை அதிகமாக, இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துப் பாடுவதாக இருந்தது. இப்போது ஆளுக்கு ஒன்று, கையில் அடங்கும் அளவில். கையில் புத்தகம் இருந்தால் வீட்டில் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா, பாதி வேலை அங்கேயே முடிந்தது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு சேர்ந்திசைச் சங்கம் 1836-இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. மாதாந்தரக் கூட்டத்தைப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொண்டார்கள். பக்தி ஒன்றும் இல்லை, பாடி முடித்து இருட்டில் நடந்து வீடு போக வெளிச்சம் வேண்டுமே! ஒரு குழு எப்படிப்பட்ட ஆட்களால் ஆனது என்று இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது. உங்கள் குழு ஏன் அந்தக் கிழமையில், அந்த நேரத்தில் கூடுகிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், நிச்சயம் ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

கேள்வி: எங்களில் பாதிப் பேருக்கு ஐந்து கோட்டு இசைக்குறி வாசிக்கத் தெரியாது. இதையெல்லாம் வரலாற்றில் எழுதினால் மானம் போகாதா?

பதில்: போகாது. ஜான் கர்வன் என்ற பாதிரியாருக்கும் அது கைவரவில்லை. 1841-இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கூடிய ஒரு மாநாட்டில், பாட்டுக் கற்றுக்கொடுக்க எது எளிய வழி என்று பார்த்துச் சொல்லும்படி இவரிடம் ஒப்படைத்தார்கள். பாடத் தெரியாதவரிடம் போய்! அவர், நாரிச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை குழந்தைகளுக்காக உருவாக்கியிருந்த முறையை எடுத்துத் தன் போக்கில் மாற்றி, டோ ரே மி என்பதை வெறும் எழுத்துகளாகவே எழுதும் டானிக் சோல்-ஃபா முறையை ஊரெல்லாம் பரப்பினார். ஸரிகம எழுதிப் பழகியவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் புள்ளியும் கோடும் இல்லை என்பதால் சாதாரண அச்சு எழுத்தை வைத்தே கோர்த்துவிடலாம், செலவு குறைவு. அந்த முறையில் படித்தவர்கள் பெரிய பெரிய படைப்புகளை அசராமல் பாடினார்கள். உங்கள் குழுவில் காதால் கேட்டுப் பிடிப்பவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், யார் யாருக்கு அருகில் உட்காருகிறார்கள் என்பதை எழுதுங்கள்.

கேள்வி: எட்டாம் ஆண்டில் பெரிய சண்டை வந்து குழு இரண்டாகப் பிரிந்தது. இதை எழுத வேண்டுமா? மூத்தவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: எழுத வேண்டும். திரும்பவும் பெர்லினுக்கே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபாஷுக்குப் பிறகு செல்ட்டர் அந்தக் குழுவை நடத்தினார். அவருடைய மாணவர், இசையமைப்பாளர் மெண்டல்சன், 1829 மார்ச் 11 அன்று, பழைய இசையமைப்பாளர் பாக் எழுதி, கிட்டத்தட்ட மறந்தே போயிருந்த 'மத்தேயுவின் பாடுகள்' (இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும்) இசையை அந்தக் குழுவை வைத்தே மேடையேற்றினார். அப்போது மெண்டல்சனுக்கு வயது 20. பாக்கை உலகம் மறுபடி கண்டுகொண்டதில் அந்த மாலைக்குப் பெரிய பங்கு உண்டு, பாடியவர்களோ சம்பளம் வாங்காதவர்கள். சரி, 1832-இல் செல்ட்டர் இறந்த பிறகு அடுத்த தலைவர் யார் என்று வாக்கெடுப்பு வந்தபோது அதே குழு என்ன செய்தது? பல வருடம் துணையாக இருந்த ரூங்கன்ஹாகனுக்கு 148, மெண்டல்சனுக்கு 88. மெண்டல்சன் குடும்பமே குழுவை விட்டு விலகிவிட்டது. அதற்காக வாக்களித்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. வாராவாரம் ஒத்திகை எடுத்தவருக்குத்தான் போட்டார்கள், ஒரு தன்னார்வக் குழுவில் அது சின்ன விஷயம் இல்லை.

எனவே உங்கள் சண்டையையும் எழுதுங்கள். யார் பக்கமும் சாயாமல், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இருந்தார்கள், அடுத்த வாரம் ஒத்திகை நடந்ததா இல்லையா என்று எழுதினால் போதும். பிரிந்து போனவர்களில் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் 25 வருடமாக டெனருக்கு, அதாவது ஆண்களின் மேல் குரலுக்கு, பஞ்சம். இது எங்களுக்கு மட்டும்தானா?

பதில்: எல்லாருக்கும்தான். ஆண்களில் பெரும்பாலோருக்கு டெனருக்கும், கீழ்க் குரலான பாஸுக்கும் நடுவில்தான் குரல். அவர்களைக் கேட்டால் பாஸ் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள், மேலே போய் மூச்சு முட்ட யாருக்கு ஆசை. பெண்களின் கீழ்க் குரலான ஆல்டோவில் இன்னும் தாழ்ந்த குரல் உள்ளவர்களை டெனர் பாட அழைப்பது பல குழுக்களில் சகஜம்.

கேள்வி: பழைய பாட்டுத் தாள்கள் இரண்டு அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம், எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். சிங் அகாதெமியின் இசைச் சேகரிப்பு இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டுக் காணாமல் போனது. எரிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். 1999-இல் உக்ரைனின் கீவ் நகரில் இருப்பது தெரியவந்து, 2001-இல் பெர்லினுக்குத் திரும்பியது. பாக் குடும்பத்தின் கையெழுத்துப் படிகளும் அதில் இருந்தன. உங்கள் அலமாரியில் பாக் இருக்க மாட்டார், சரி. ஆனால் பென்சில் குறிப்புகள் இருக்கும், அவற்றை அவசர ஸ்கேன் பெரும்பாலும் விட்டுவிடும். எனக்கு வந்து சேர்ந்த ஒரு பழைய பிரதியில், நீண்ட ஒரு வரிக்கு மேலே 'இங்கே மூச்சு விடாதே' என்று ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் 'விட்டுவிட்டேன்'. அப்புறம் மூன்றாவதாக, இன்னும் சின்ன எழுத்தில், 'நானும்'.

மலருக்கு அட்டைப்படம் தேடுகிறீர்கள் என்றால் அந்த மாதிரி ஒரு பக்கத்தைப் போடுங்கள். அப்படியே, புத்தகம் இரவல் வாங்கித் திருப்பித் தராதவர்கள் பட்டியலும் கோப்பில் எங்கேயோ இருக்கும். விழாவுக்கு அவர்கள் எல்லாரும் வருவார்கள்.