பழைய ஜிப்சிக்கு எத்தனை இஞ்ச் லிஃப்ட் போடலாம்? அஞ்செட்டி கல் ரோட்டுக்கும் தொப்பூர் இறக்கத்துக்கும் ஒரே வண்டிதான்.

நீங்கள் கொடுத்த விவரம் இது: 1998 ஜிப்சி கிங், தேன்கனிக்கோட்டைக்கு மேலே மாந்தோட்டம், அஞ்செட்டி பக்கம் கல் ரோடு, மாதம் இரண்டு தடவை தர்மபுரி, தொப்பூர் வழியாகச் சேலம். 31 இஞ்ச் டயரும் நாலு இஞ்ச் லிஃப்ட்டும் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது) போடச் சொல்கிறார்கள், போடலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். இரண்டு இஞ்ச் போதும். அதற்கும் முன்னால், அந்த இரண்டில் ஒரு இஞ்ச், பழைய ஸ்பிரிங் பட்டை தளர்ந்து உங்கள் வண்டி ஏற்கெனவே இழந்ததா என்று பாருங்கள்.

லிஃப்ட் போட்டால் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் கியர் இருக்கும் உருண்டை) உயராது. ஜிப்சியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில்தான். பட்டையை எவ்வளவு வளைத்தாலும் ஆக்சில் டயர் உயரத்திலேயே நிற்கும். சேஸிஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இரு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி), பம்பர் இவைதான் மேலே போகும். கல்லில் இடிப்பது டிஃபரன்ஷியல் உருண்டை என்றால் அதற்கு மருந்து டயர் மட்டும்தான். நடு வயிறு தட்டுகிறது, அல்லது பெரிய டயர் ஃபெண்டரில் உரசுகிறது என்றால் மட்டுமே லிஃப்ட்டுக்கு வேலை. அதனால் டயரை முதலில் முடிவு செய்யுங்கள்.

உங்கள் கிங்கில் 205/70 ஆர்15 டயர் இருந்தால் அதன் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703, 235/75 ஆர்15 போட்டால் 733. டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது இந்த வித்தியாசத்தில் பாதிதான்: 215-க்குச் சுமார் 18 மி.மீ, 235-க்கு 33 மி.மீ. 31 இஞ்ச் டயர் 787 மி.மீ; 59 மி.மீ கிடைக்கும், ஆனால் கியரிங் 18 சதவீதம் நீண்டுவிடும். 1.3 லிட்டர் இன்ஜினுக்கு அது பெரிய சுமை. தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே தவிப்பீர்கள். இறங்கும்போது இன்ஜின் பிரேக்கும் அதே அளவு குறையும். அந்தக் கணவாயில் லாரிகளுக்கு நடுவே அது வேண்டாத வம்பு. 235-லேயே கிட்டத்தட்ட 10 சதவீதம் மாறும். மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66-ல் போவீர்கள். தோட்டத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் சேர்த்து என் கணக்கில் 215/75 சரி. கல்தான் அதிகம் என்றால் 235.

இப்போது அளவு. சமதளத்தில், டாங்க்கில் பாதி பெட்ரோலோடு, வண்டியை முன்னும் பின்னும் இரண்டு தடவை உருட்டி நிறுத்துங்கள். ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு சக்கரத்திலும் டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது 10 மி.மீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. பிறகு கீழே குனிந்து பட்டையின் வளைவைப் பாருங்கள். 25 வருட மாங்காய் லோடு ஏற்றிய பட்டை நேர்கோடாக, சில வண்டியில் தலைகீழாகவே வளைந்து நிற்கும். கீழ்ப் பட்டையின் முனை மேல் பட்டையைத் தேய்த்துப் பள்ளம் போட்டிருந்தாலோ, சென்டர் போல்ட் துளையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருந்தாலோ அந்தப் பட்டையைச் சீர்செய்வதில் அர்த்தமில்லை, மாற்றத்தான் வேண்டும். மெயின் பட்டையின் கண் பக்கத்தையும் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். விரிசல் துருவுக்குள் ஒளிந்திருக்கும்.

விரிசல் இல்லாமல் வளைவு மட்டும் போயிருந்தால் கேம்பர் (பட்டையின் வளைவு) ஏற்றலாம். கிரானைட் லாரி ஓடும் ஊர் என்பதால் கிருஷ்ணகிரி பக்கம் பட்டைப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பட்டையைக் கழற்றி, குளிர்ந்த நிலையில், பிரஸ்ஸிலோ சுத்தியலிலோ முனையிலிருந்து முனை வரை சின்னச் சின்ன அடியாகக் கொடுத்து வளைக்க வேண்டும். பட்டறைக்காரர் கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்தால் பட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஸ்பிரிங் இரும்பு கடினப்படுத்திப் பதம் பார்த்தது. சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். அன்றைக்கு அழகாக உயர்ந்து நிற்கும், நாலைந்து மாதத்தில் பழையபடி உட்கார்ந்துவிடும், இல்லையென்றால் அதே இடத்தில் முறியும்.

உண்மையான இரண்டு இஞ்சுக்கு நல்ல வழி, வளைவு கூடிய புதுப் பட்டை செட், கூடவே அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பர். மற்றதெல்லாம் அரைகுறை. பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை 50 மி.மீ நீட்டினால் வண்டி 25 மி.மீதான் உயரும். அதோடு ஜிப்சியின் முன் ஷாக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டினால் ஆக்சிலின் தலை முன்னால் சாய்ந்து கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டீயரிங் திருப்பியபின் தானாக நேராகாது, 70-க்கு மேல் வண்டி அலையும். கூடுதல் பட்டை ஒன்றைச் சொருகுவது எப்போதும் லோடு ஏற்றுகிறவருக்குச் சரி; வெறும் வண்டியில் முதுகு பேசும்.

பிளாக் (பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் கட்டை) வைத்தால் உயரும் என்று யாராவது சொன்னால் அவர் ஜிப்சியின் கீழே குனிந்ததே இல்லை என்று அர்த்தம். இதில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. நடுவே பிளாக் வைத்தால் வண்டி உயராது, தாழும்.

நாலைந்து இஞ்ச் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றும் வேலையைத்தான் சொல்கிறார்கள். அதில் சுமார் ஐந்து இஞ்ச் வரும். ஆக்சில் ஹவுசிங்கில் புதுப் பீடம் (பட்டை உட்காரும் இடம்) வெல்டிங், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் தண்டு) மாற்றம், இரண்டு ஷாஃப்ட் நீளம், நீளமான பிரேக் ஹோஸ், பிரேக் போடும்போது பட்டை எஸ் மாதிரி முறுக்காமல் இருக்க ஒரு தாங்கி என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். போட்டிக்கு விடும் வண்டிக்கு அது சரி. குடும்பத்தோடு சேலம் போகும் வண்டிக்கு இல்லை.

இரண்டு இஞ்ச் போட்டபின் கேஸ்டரைப் பாருங்கள். குறைந்திருந்தால் பீடத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைக்க வேண்டும், தடித்த பக்கம் வண்டியின் முன்னால் பார்த்து. பட்டை ஆக்சிலுக்கு மேலே உள்ள வண்டிகளில் இது நேர் தலைகீழ். அந்த வழக்கத்தில் வைத்துவிட்டால் அலைச்சல் இரட்டிப்பாகும். இரும்பு ஷிம் மட்டும். அலுமினியம் நசுங்கி உடையும், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் தளரும். ஸ்டீயரிங் 50, 60-ல் படபடவென்று ஆடினால் லிஃப்ட்டைத் திட்டாதீர்கள். முன்பக்கம் ஜாக்கி ஏற்றி டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தேய்ந்திருக்கலாம். லிஃப்ட் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஷாக் வாங்கும்முன் அளவெடுங்கள். வண்டி நிற்கும் நிலையில் மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் உள்ள தூரம் 400, பம்ப் ஸ்டாப்புக்கும் (ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) ஆக்சிலுக்கும் இடைவெளி 90 என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் அமுங்க 20 விட்டால் ஷாக் 290 வரை மூடும். மூடிய நீளம் 275-க்குள் உள்ளதை வாங்கினால் அடி வாங்காது. பிறகு சேஸிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள்; அந்த நீளத்தைவிட ஷாக் விரிந்த நீளம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும். சக்கரம் தொங்கும் அதே நிலையில் முன் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, பின்னால் ஹேண்ட் பிரேக் கேபிளும் ஆக்சில் ப்ரீதர் ட்யூபும் விறைக்கிறதா என்று பாருங்கள்.

பின் ஷாஃப்ட்டில் இரு முனையிலும் ஒற்றை கிராஸ் (மடங்கும் இணைப்பு) என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வெளியச்சும் பினியனும் (டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் அச்சு) இணையாக இருக்க வேண்டும். பினியனை ஷாஃப்ட்டுக்கு நேராகத் தூக்கிவிட்டால் உதறல் போகாது, கூடும்.

பின் ஆக்சிலில் லோடு பார்த்து பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்எஸ்பிவி இருந்தால் அதை மறக்காதீர்கள். சேஸிஸ் உயர்ந்ததும் வண்டி காலியாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தொப்பூரில் இறங்கும்போது முழுச் சுமையும் முன் பிரேக்குக்குப் போகும். லிவரைப் புது உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்த பிறகே மலை இறங்குங்கள்.

யு போல்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதிது போடுங்கள். சென்டர் போல்ட் தலை பீடத்துக் குழியில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தபின் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஷாக்கிள் போல்ட்டை வண்டி தரையில் நின்றபிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 திருத்தத்துக்குப் பின் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். கறாராகப் பார்த்தால் இரண்டு இஞ்சும் மாற்றம்தான். 15 வருடம் தாண்டிய வண்டியை ஆர்சி புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் பழைய பட்டை, பழைய ஷாக் இரண்டையும் எடைக்குப் போடாமல் கொட்டகையில் எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று: வண்டியோடு வந்த ஜாக்கி புது உயரத்துக்கு எட்டாமல் போகலாம். இரண்டு கெட்டியான கட்டைத் துண்டைப் பின்னால் போட்டு வையுங்கள்.