பழைய காயமும் புதிய காதலும்: சரித்திரக் காதல் கதைகள் பற்றிக் கேள்வி பதில்

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் காதல் நாவல்களை விரும்பி வாசிப்பவர்களும், அதே வகையில் எழுதிப் பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலான கேள்விகள் மனதில் பழைய காயம் உள்ள நாயகன் நாயகியைப் பற்றியே இருந்தன.

கேள்வி: அக்கா, என் நாயகன் வாட்டர்லூ போரிலிருந்து திரும்பியவன். இரவில் அலறிக்கொண்டு எழுகிறான். "இது மனசு சம்பந்தப்பட்ட நோய், குணமாகிவிடும்" என்று நாயகி விளக்குவதாக எழுதியிருக்கிறேன். சரிதானே?

பதில்: அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன் 18-இல். போர் அதிர்ச்சியால் வரும் மனப் பாதிப்பைக் குறிக்கும் 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ இதழில் வந்தது 1915-இல், நூறு வருடம் கழித்து. உங்கள் நாயகியால் விளக்க முடியாது, ஆனால் கவனிக்க முடியும். அவன் எந்த அறையிலும் சுவரோரமாகவே உட்காருகிறான், இடி இடித்தால் பேச்சை நிறுத்திவிடுகிறான் என்பதையெல்லாம் அவள் கண்டுகொள்ளட்டும். வாசகருக்கு அது போதும்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஈதர் மயக்க மருந்து புழக்கத்துக்கு வந்தது 1846-க்குப் பிறகுதான். அதனால் வாட்டர்லூவில் கை கால் எடுக்கப்பட்டவர்கள் நினைவோடுதான் அதைத் தாங்கினார்கள். அங்கே உக்ஸ்பிரிட்ஜ் பிரபு ஒரு காலை இழந்தார், பிட்ஸ்ராய் சாமர்செட் வலது கையை இழந்தார். சாமர்செட்தான் பிற்பாடு ராக்லன் பிரபு என்ற பெயரில் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்கே தலைமை தாங்கினார். வெளியே தெரிந்த காயத்துக்கு மரியாதை இருந்தது. இரவில் அலறுவதை மட்டும் அவனால் யாரிடமும் சொல்ல முடியாது. அவளிடம் முதல் தடவை சொல்கிறான் என்றால், அதுதான் உங்கள் நாவலின் நடுப்பகுதி. அதை அவசரப்பட்டு மூன்றாவது அத்தியாயத்தில் செலவழித்துவிடாதீர்கள்.

கேள்வி: 1820-இல் நடக்கும் கதை. நாயகியின் முகத்தில் அம்மைத் தழும்பு. அப்போது தடுப்பூசி வந்துவிட்டதே, பொருந்துமா?

பதில்: தாராளமாகப் பொருந்தும். பெரியம்மைத் தடுப்பூசியை ஜென்னர் என்ற மருத்துவர் 1796-இல் சோதித்துப் பார்த்தார். ஆனால் இங்கிலாந்தில் குழந்தைகளுக்குக் கட்டாயமானது 1853-இல்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: "உன் தழும்பு என் கண்ணுக்குத் தெரியவே இல்லை" என்று நாயகன் சொல்ல வேண்டாம். தெரியட்டும். பல வருடமாக முகத்தை மறைத்தே பழகியவளுக்கு, பார்த்தும் முகம் திருப்பாத ஒருவன்தான் ஆறுதல்.

கேள்வி: மேடம், என் நாயகி கொடுமைக்காரக் கணவனை விட்டு வந்தவள். 1840-களில் விவாகரத்து வாங்கி நாயகனை மணக்கிறாள். "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவன் சொல்வதோடு கதை முடிகிறது.

பதில்: இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலாவது சட்டம். 1857-க்கு முன் முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் போட வேண்டும். அப்படி விடுதலை பெற்ற பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 1857 சட்டத்திலும் கணவன், மனைவியின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும்.

கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் வாழ்க்கையைப் படியுங்கள். 1836-இல் அவர் கணவன், அன்றைய பிரதமர் மெல்போர்ன் பிரபுவோடு அவருக்குத் தகாத உறவு என்று வழக்குப் போட்டான். ஜூரிகள் தள்ளுபடி செய்தார்கள். ஆனாலும் அவருக்கு விடுதலை இல்லை. மூன்று மகன்களும் கணவனிடமே இருந்தார்கள், தாய்க்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் எழுதினார், வாதாடினார். 1839-இல் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாய் கேட்டு மனு போடலாம் என்று சட்டம் வந்தது. கணவன் பிள்ளைகளை அந்தச் சட்டம் எட்டாத ஸ்காட்லாந்தில் வைத்திருந்தான். 1842-இல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து, அம்மா வந்து சேரும் முன்பே இறந்துபோனான். கணவன் 1875-இல் இறந்தான். 1877-இல், தன் நீண்டகால நண்பரை கரோலின் மணந்துகொண்டார். அதே வருடம் இறந்தும்போனார். இதைப் படித்த பிறகு "பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது பாருங்கள்.

இரண்டாவது, அந்த வாக்கியமே. அன்று மணமான பெண்ணின் பணமும் சம்பாத்தியமும் பொதுவாகக் கணவனுக்குப் போய்விடும். இந்த நிலை பெரிய அளவில் மாறியது 1882 சட்டத்தால். ஒருவனிடம் சிக்கி மீண்டவள் இன்னொருவன் கையில் எல்லாவற்றையும் கொடுக்கப் பயப்படுவது நியாயம்தானே? ஆனால் அப்போதும் ஒரு வழி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, அறங்காவலர்களிடம் சொத்தை ஒப்படைத்து, அது அவளுக்கே இருக்கும்படி செய்யலாம். அவளை விதவையாக்கிக் கதையை மாற்றுங்கள். அப்புறம், அவள் கேட்கும் முன்பே நாயகன் வக்கீலை அழைத்து அந்த ஒப்பந்தத்தை எழுதச் சொல்லட்டும். எனக்கு அது நூறு முத்தக் காட்சிகளைவிடப் பெரியது.

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' படித்தேன். காதலி இறந்து துடித்துக்கொண்டிருந்த பென்விக், சீக்கிரமே லூயிசாவோடு நிச்சயம் செய்துகொள்கிறானே! கோபமாக வந்தது.

பதில்: அந்தக் கோபம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. இறந்துபோன ஃபேனியின் அண்ணன் ஹார்வில், தன் தங்கை இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டாள் என்று நாவலின் நாயகி ஆனிடம் வருந்துகிறான். அங்கிருந்துதான் ஆணா பெண்ணா யார் நீண்ட நாள் நேசிப்பவர் என்ற பேச்சு கிளம்புகிறது. பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் ஆனின் பழைய காதலன் வென்ட்வொர்த் அதைக் கேட்டுவிட்டு அவளுக்கு அந்தப் புகழ்பெற்ற காதல் கடிதத்தை எழுதுகிறான். பென்விக்கின் அவசரம் இல்லையென்றால் அந்தக் கடிதமே இல்லை.

பென்விக்கைக் கொஞ்சம் மன்னியுங்கள். சிலர் தனியாக இருந்து தேறுவார்கள், சிலரால் தனியாக இருக்கவே முடியாது. ஆனுக்கும் வென்ட்வொர்த்துக்கும் பிரிந்து மறுபடி சேர எட்டு வருடம் ஆகிறது. அதுவும் இருவரும் ஒன்று சேர்ந்த பிறகும், அன்று பெரியவள் லேடி ரஸ்ஸலின் பேச்சைக் கேட்டு அவனைப் பிரிந்தது தவறில்லை என்றே ஆன் சொல்கிறாள். எனக்கு நாவலில் மிகவும் பிடித்த இடம் அது. காதல் திரும்பக் கிடைத்ததற்காகத் தன் கடந்த காலத்தை அவள் பொய்யாக்கவில்லை.

கேள்வி: காயப்படுத்தியவனே மருந்தாகவும் ஆகும் கதைகள் நிறைய வருகின்றனவே, ஏற்கலாமா?

பதில்: 1972-இல் வெளியான கேத்லீன் வுடிவிஸ்ஸின் 'தி ஃபிளேம் அண்ட் த ஃபிளவர்' இந்த வகைக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் நாயகன் ஆரம்பத்திலேயே நாயகியைப் பலாத்காரம் செய்கிறான். அதே பாணியில் பல நாவல்கள் வந்தன. நான் ஏற்பதில்லை. அவள் மன்னிப்பதை எழுதுகிறார்கள், அவன் தான் செய்ததை அதன் பெயரைச் சொல்லி ஒப்புக்கொள்வதை எழுதுவதில்லை. அதில்லாமல் வரும் காதலை, வேறு போக்கிடம் இல்லாதவளின் சமாதானமாகத்தான் என்னால் படிக்க முடிகிறது.

கேள்வி: நம் சரித்திர நாவல்களில் காதலால் காயம் ஆறிய நாயகி உண்டா?

பதில்: எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஆறாத ஒருத்திதான், கல்கியின் சிவகாமி. அவள் சபதப்படி மாமல்லன் வாதாபியை எரித்து மீட்டு வருகிறான். ஆனால் அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி, குழந்தைகளும் இருக்கிறார்கள். அவள் ஏகாம்பரநாதரையே கணவனாக ஏற்கிறாள். பழி தீர்ந்தது, காயம் அப்படியே இருந்தது. அவளுக்கு மிஞ்சியது நாட்டியம்.

கேள்வி: முதல் மனைவியைப் பிரசவத்தில் இழந்தவன் என் நாயகன். கடைசி அத்தியாயத்தில் நாயகிக்குக் குழந்தை பிறக்கிறது, அவன் பயம் போய்விடுகிறது. நன்றாக இருக்குமா?

பதில்: தம்பி, அந்தப் பயம் அன்று அரண்மனையிலும் இருந்தது. 1817 நவம்பரில் இளவரசி சார்லட், இறந்து பிறந்த மகனைப் பெற்றெடுத்த சில மணி நேரத்தில் இறந்தார். நாடே துக்கம் கொண்டாடியது. அதைப் பார்த்த தலைமுறைதான் உங்கள் நாயகன். குழந்தை பிறக்கட்டும், ஆனால் அதற்கு முந்தைய மாதங்களைத் தாவாதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் அவன் சந்தோஷப்படாமல் போவதையும், அது அவளைக் காயப்படுத்துவதையும், காரணத்தை அவன் வாய்விட்டுச் சொல்வதையும் எழுதுங்கள். அவளுக்கும் பயம் இருக்கும், அதையும் அவன் கேட்கட்டும். கதை இரண்டு அத்தியாயம் நீண்டாலும் பரவாயில்லை.